பானெட்டில் வைத்த பொட்டு

என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் உள்ள பொருட்கள் எல்லாம் இரண்டே வகை. பாஸ் ஆனவை, ரிஜெக்ட் ஆனவை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தார். பெயிண்ட் அடித்த பாகங்கள் வெளியே போவதற்கு முன்னால் அவர் கையில் ஏறி இறங்க வேண்டும். ட்யூப் லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். முடியளவு கீறல் இருந்தாலும் சிவப்பு அட்டையைக் கட்டி ஓரமாக வைத்துவிடுவார். இந்தப் பழக்கம் தொழிற்சாலையோடு நின்றிருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. புதிதாக வாங்கிய எவர்சில்வர் டம்ளர், என் புடவையின் ஜரிகை, சுட்டு வைத்த தோசை என்று எல்லாவற்றையும் அதே மாதிரி சாய்த்துப் பார்ப்பார். பெண் பார்க்க வந்தபோது என்னையும் அப்படித்தான் பார்த்திருக்க வேண்டும். எப்படி பாஸ் ஆனேன் என்பது இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

ஒருமுறை சின்னப் பட்டறை ஒன்றை நடத்தி வந்தவர் பழக்கூடையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் அனுப்பிய சரக்கை இவர் மொத்தமாகத் திருப்பிவிட்டாராம். "கொஞ்சம் கண்ண மூடிக்குங்க சார், மேல ஸ்டிக்கர் ஒட்டிட்டா யாருக்குத் தெரியப் போகுது" என்று கெஞ்சினார். இவர் அவருக்குக் காபி கொடுக்கச் சொன்னார், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தார், பிறகு பழக்கூடையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து அனுப்பினார். அதில் இருந்த ஆப்பிள்கள் நன்றாகச் சிவந்திருந்தன. அவரை நினைத்து எனக்குப் பெருமையாகவும் இருந்தது, ஆப்பிளை நினைத்து எரிச்சலாகவும் இருந்தது.

இப்படி ஊர் உலகத்தையெல்லாம் தரம் பார்த்தவருடைய தொழிற்சாலையையே ஒரு நாள் இழுத்து மூடிவிட்டார்கள். இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் இருக்கும். உலகம் முழுக்க வியாபாரம் மந்தம் என்று பேப்பரில் போட்டிருந்தது. உலகம் எங்கேயோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அது பொன்னேரியில் எங்கள் தெருவரைக்கும் வரும் என்பது அப்போதுதான் தெரிந்தது. கணக்கு முடித்துக் கையில் கொடுத்ததை வைத்து அவர் ஒரு பழைய கார் வாங்கினார். வெள்ளி நிறம், நான்கு கதவு. அதை ஏதாவது கம்பெனியில் ஒப்பந்தத்துக்கு விட்டு, தானே ஓட்டுவதாகத் திட்டம்.

நான் பொன்னேரியில் பள்ளிக்கூட ஆசிரியை. என் சம்பளத்தில் சாப்பாட்டுக்குக் குறையில்லை. அதனால் இது பசியைப் பற்றிய கதை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. விஷயம் வேறு. வேலை போன பிறகும் அவர் விடிவதற்கு முன்னாலேயே எழுந்து, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்காருவார். பால்காரர், கீரைக்காரம்மா, ரயிலுக்கு ஓடுகிற பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராவது "இன்னா சார், டூட்டிக்குப் போலியா?" என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு முழுவதும் பேச்சு இருக்காது. திரும்ப ஒரு கம்பெனி கேட்டுக்குள் போக வேண்டும், சாயங்காலம் வெளியே வர வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அது டிரைவர் சீட்டில் உட்கார்ந்து போவதாக இருந்தாலும் பரவாயில்லை என்ற இடத்துக்கு வந்திருந்தார்.

சிப்காட்டிலேயே இன்னொரு கம்பெனியில் கார் எடுக்கிறார்கள் என்று தகவல் வந்தது. வெளிநாட்டுக் கூட்டு உள்ள கம்பெனி. விருந்தாளிகளை விமான நிலையத்திலிருந்து கூட்டி வர வேண்டும், எண்ணூர், காட்டுப்பள்ளி என்று துறைமுகப் பக்கம் அழைத்துப் போய்க் காட்ட வேண்டும். எஞ்சின் எப்படி இருந்தாலும் வண்டி பார்வையாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. எங்கள் காருக்கு எஞ்சின் தங்கம். பார்வைதான் தகராறு.

வாங்கும்போது தூசி படிந்திருந்ததால் தெரியவில்லை. தரம் பார்ப்பதில் ஊரையே மிரட்டியவர், தனக்கென்று வாங்கிய வண்டியைத் தூசியோடு வாங்கி வந்தார் என்பதை நான் அடிக்கடி நினைவுபடுத்துவேன். கழுவிப் பார்த்தால் பானெட்டிலும் கூரையிலும் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. ஓரங்களில் வெயிலில் உரிந்த தோல் மாதிரி மேல்பூச்சு செதில் செதிலாக எழும்பி நின்றது. விரலால் தள்ளினால் கையோடு வந்தது. நிறம் அடியில் பத்திரமாக இருக்கிறது, அதன் மேல் கண்ணாடி போல ஒரு பூச்சு இருக்கும், அதற்குக் கிளியர் என்று பெயர், அதுதான் செத்துவிட்டது என்று இவர் எனக்குப் பாடம் நடத்தினார்.

அது ஏன் செத்தது என்பதற்குத் தெருவில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். வண்டி முன்பு மீஞ்சூரில் நின்றது, அனல் மின் நிலையத்துச் சாம்பல் படிந்து அரித்துவிட்டது என்றார் ஒருவர். பழவேற்காட்டு உப்புக் காற்று என்றார் இன்னொருவர். போர் தண்ணீரில் கழுவினால் இப்படித்தான் என்றார் மாடி வீட்டுக்காரர். கீரைக்காரம்மா ஒரே பார்வையில் திருஷ்டி என்று முடித்துவிட்டார். வெயில் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. வெயில் எல்லாருக்கும் பொது, அதைக் காரணமாகச் சொல்வதில் சுவாரசியம் இல்லை.

முதல் முறை வண்டியைக் காட்டப் போன நாளன்று இவர் ஒரு காரியம் செய்தார். யாரோ சொன்னார்கள் என்று பானெட்டிலும் கூரையிலும் தேங்காய் எண்ணெயைத் தேய்த்தார். உண்மையிலேயே வெளுப்பு மறைந்து வண்டி பளபளவென்று ஆகிவிட்டது. தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் என்பதால் வாசனை வேறு. எனக்கே ஒரு கணம் நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் சிப்காட்டுக்குள் போக வேண்டுமென்றால் இரும்பு உருக்கும் ஆலைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே காற்றில் எந்நேரமும் கரித்தூள். எண்ணெய் பூசிய வண்டி வழிநெடுக அதை வாரிக்கொண்டு, கம்பெனி வாசலை அடைந்தபோது பழைய தோசைக்கல் நிறத்தில் இருந்ததாம். அங்கிருந்த டிரான்ஸ்போர்ட் ஆபீசர் சின்ன வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். சிரிக்கவில்லை. "மேல் பெயிண்ட்ட சரி பண்ணிட்டு வாங்க சார், கடைசி செலக்‌ஷன் இன்னும் இருக்கு" என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்தவர் சீயக்காய்த் தூள் போட்டு வண்டியைத் தேய்த்துக் கழுவினார். தெருவே வேடிக்கை பார்த்தது.

அப்படித்தான் பெயிண்டர் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தார். கவரைப்பேட்டையைத் தாண்டி ஜி.என்.டி. ரோட்டோரம் தகரக் கொட்டகை. ஆந்திர எல்லையில் தடா பக்கத்துக்காரர், வாயைத் திறந்தால் நைனா. பல காலம் லாரிகளுக்கு வேலை செய்தவர். லாரியின் பின்னால் தாமரையும் கழுகும் வரைவதில் தன்னை மிஞ்ச எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆள் கிடையாது என்று அவரே சொன்னார். கார் வேலையும் அத்துப்படி என்பதையும் அவரேதான் சொன்னார்.

"இதுக்கு இன்னாத்துக்கு நைனா பேஜாரு? வெளுத்த எடத்துல மட்டும் தேய்ச்சிட்டு கிளியர் அடிச்சிடறேன். சாய்ங்காலம் எடுத்துக்கினு போ."

"வெளுத்த இடத்துல மட்டும் அடிச்சா ஓரம் தெரியும். மேப்பு மாதிரி இருக்கும்" என்றார் இவர். "முழு பானெட்டும் தேய்க்கணும். எழும்பி நிக்கிறது ஒண்ணு கூட பாக்கி இருக்கக் கூடாது. அடி கலர் ஒரு கோட்டு, அப்பறம் கிளியர்."

பெயிண்டர் என்னைப் பார்த்தார். "சார் எந்தக் கம்பெனி டீச்சரம்மா?"

"மூடின கம்பெனி" என்றேன்.

காலாண்டு விடுமுறை என்பதால் நானும் சில நாள் மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போவேன். இவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். பெயிண்டர் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பார். பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர் வழியும். துடைத்ததும் இவர் எழுந்து போய் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார், குனிந்து ஒரு கண்ணைச் சுருக்குவார், "இங்க இன்னும் ஓரம் தட்டுது" என்பார். திரும்பத் தேய்ப்பு. ஒரு நாள் பெயிண்டர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டார்.

"நைனா, உன் கால்ல உழறேன், ஊட்டுக்குப் போ. நீ குந்திக்கினு பாத்தினா எனக்குக் கை ஆடுது."

இவர் ஸ்டூலை நாலடி தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதுதான் அவர் செய்துகொண்ட சமாதானம்.

முதலில் கிளியர் அடித்த அன்று மேகம் போட்டிருந்தது. இன்றைக்கு வேண்டாம், காற்றில் ஈரம் இருக்கிறது என்று இவர் சொன்னார். மழைக்குப் பயந்தால் பெயிண்டர் பிழைக்க முடியுமா என்று அவர் கேட்டார். அடித்தார். பானெட் முழுக்கப் பாலாடை படிந்த மாதிரி மங்கிப் போனது. பெயிண்டர் அதையும் விட்டுக்கொடுக்கவில்லை. வெளிநாட்டு வண்டிகளில் இப்போது இப்படி மங்கலாக வருவதுதான் புது மாடல் என்றார். இவர் வாட்டர் பேப்பரை எடுத்து அவர் கையில் கொடுத்தார். சிவப்பு அட்டை ஒன்றுதான் குறை.

இரண்டாவது முறை நல்ல வெயில் நாளாகப் பார்த்தார்கள். தரையில் தண்ணீர் தெளித்து, கொட்டகையைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டித் தொங்கவிட்டு, கரித்தூள் உள்ளே வராமல் பார்த்துக்கொண்டார்கள். நானும் வெளியே நின்று சாக்கு விலகாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். பெயிண்டைப் பீய்ச்சுகிற காம்பிரசரின் சத்தம் நின்று, கொஞ்ச நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். பானெட்டில் என் முகம் தெரிந்தது, பின்னால் கொட்டகையின் தகரம் தெரிந்தது, தகரத்தில் இருந்த ஓட்டை வழியாக வானம் தெரிந்தது. என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். இடம் மாறி நின்று பார்த்தார். நிமிர்ந்து, "ஓகே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகப் பெயிண்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். ஏனென்றால் நானும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் உள்ளேயே நிறுத்திவைத்து, மறுநாள் காலையில் வண்டியைக் கொடுத்தார். கொடுக்கும்போது பெயிண்டர் ஒரு பிரசங்கமே செய்தார். "கேட்டுக்கோ நைனா. மேல காஞ்ச மாரி தெரியும். உள்ள இன்னும் பச்சப் புள்ள. ஒரு வாரத்துக்கு ஈ குந்தக் கூடாது. தண்ணி பட வாணாம். துணி போத்த வாணாம். வெரல வெச்சி அமுக்காத." இவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எல்லாம் இவருக்கும் தெரிந்ததுதான். உள்ளே காய நாள் பிடிக்கும் என்று எனக்கு முந்தின நாளே அரை மணி நேரம் விளக்கியிருந்தார்.

பிரசங்கம் முடிந்ததும் பெயிண்டர் கை கால் கழுவி, நெற்றியில் பட்டையாக விபூதி பூசிக்கொண்டு தட்டோடு வந்தார். தட்டில் எலுமிச்சம்பழம், கற்பூரம், குழைத்த சந்தனம், கடைக் குங்குமம். பொட்டு வைக்காமல் அவர் கொட்டகையிலிருந்து ஒரு வண்டியும் வெளியே போனதில்லையாம். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார். பிறகு சந்தனத்தை உள்ளங்கை நிறைய எடுத்து, ஈ குந்தக் கூடாத அந்த பானெட்டின் நட்ட நடுவில் சப்பென்று அப்பினார். அதற்கு நடுவில் கட்டைவிரலால் குங்குமத்தை வைத்து அழுத்தினார். நன்றாகவே அழுத்தினார். கற்பூரம் காட்டினார். பூசணிக்காயைச் சுற்றி ரோட்டில் உடைத்தார்.

அப்போது அங்கே நின்ற மூன்று பேரில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பெயிண்டை ஆயுசு முழுக்கக் கரைத்துக் குடித்த இருவரும் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் படித்தவள், பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுப்பவள். நானும் போட்டுக்கொண்டேன். சந்தனமும் குங்குமமும் தண்ணீர், துணி, விரல் கணக்கில் சேராது. அது சாமி கணக்கு.

வீட்டுக்கு வந்த பிறகாவது துடைத்திருக்கலாம். அதுவும் எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். சாமிக்கு வைத்த பொட்டைக் கையால் துடைக்கக் கூடாது, காய்ந்து தானாக உதிர வேண்டும். எனவே வண்டி வாசலில், புரட்டாசி வெயிலில், பொட்டோடு நின்றது. நாய் நெருங்காமல் இவர் காவல் இருந்தார். காக்காயைக் கல்லெடுத்து விரட்டினார். பொட்டுக்கு மட்டும் இடைஞ்சல் வராமல் பார்த்துக்கொண்டார்.

செலக்‌ஷனுக்கு முந்தின நாள் சந்தனம் பொருக்காகி உதிர்ந்தது. அடியில் இன்னொரு பொட்டு இருந்தது. வட்டமாக, மஞ்சள் விளிம்போடு, நடுவில் கட்டைவிரல் அளவுக்கு இரத்தச் சிவப்பு. இவர் விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் எதுவும் தட்டுப்படவில்லை. ஈரத்துணியால் துடைத்தார். போகவில்லை. குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "மேல இல்ல. உள்ள இறங்கிடுச்சு" என்றார்.

போன் செய்ததும் பெயிண்டர் மொபெட்டில் பறந்து வந்தார். வண்டியைப் பார்த்து அவருக்கும் முகம் செத்துவிட்டது. ஆனால் அது ஒரு நிமிஷம்தான். கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"நைனா, எத்தினி வண்டிக்கு வெச்சிருக்கேன், எதுலயும் நின்னது இல்ல. ஒன் வண்டில அம்மன் வந்து குந்திக்கினா. இனி இத எவனும் தொட முடியாது."

"லாரிக்கு அடிச்சது வேற பெயிண்ட்டு. அது நாலு மணி நேரத்துல காஞ்சிடும். அதனாலதான் நிக்கல" என்றார் இவர். குரலில் கோபம்கூட இல்லை. "இப்ப இன்னா பண்ணலாம், அத சொல்லுங்க."

"திரும்பத் தேய்ச்சி அடிக்கணும். நாளைக்குள்ள ஆவாது."

இதற்குள் அம்மன் வந்து குந்திய செய்தி தெருவில் பரவிவிட்டது. கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யாரோ ஒரு முழம் மல்லிகைப்பூ கொண்டுவந்து வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் உண்டியல் வைத்திருப்பார்கள். நான்தான் எல்லாரையும் அதட்டி அனுப்பினேன்.

யோசனை சொன்னதும் நான்தான். மறைக்க வழி இருக்கும்போது ஏன் அலட்டிக்கொள்ள வேண்டும்? சந்தனத்தைக் குழைத்து அதே இடத்தில், அதே அளவில், புதிதாக ஒரு பொட்டு வைத்துவிட்டால் போகிறது. பூஜை போட்ட வண்டி என்று நினைத்துக்கொள்வார்கள். நம் ஊரில் பொட்டு வைத்த வண்டியை எவன் சந்தேகப்படப் போகிறான்? ஒப்பந்தம் கிடைத்த பிறகு நிதானமாகத் திரும்ப அடித்துக்கொள்ளலாம். நான் சொல்லச் சொல்ல இவர் கேட்டுக்கொண்டிருந்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் நான் குளித்துவிட்டு வந்து, விளிம்பு பிசகாமல் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். திருத்தமாக வந்திருந்தது. அவர் அதைக் குனிந்து பார்க்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நானும் கூடப் போனேன். வீட்டில் உட்கார்ந்திருந்தால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. பின் சீட்டில் ஒரு ஆள் இருந்தால் இடவசதி தெரியும் என்று ஒரு சாக்குச் சொல்லி ஏறிக்கொண்டேன். கம்பெனி கேட்டைத் திறந்துவிட்டார்கள். காவலாளி சல்யூட் அடித்தார். இவர் தலையை லேசாக அசைத்து உள்ளே ஓட்டிய விதத்தைப் பின்னாலிருந்து பார்த்தேன். கழுத்து நிமிர்ந்திருந்தது. எத்தனையோ மாதம் கழித்து அந்தக் கழுத்தை அப்படிப் பார்த்தேன். கடவுளே, இது கிடைத்துவிட வேண்டும் என்று உள்ளங்கையை இறுக்கிக்கொண்டேன்.

வரிசையாக வண்டிகள் நின்றன. அந்த இளம் ஆபீசர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்களுக்கு அடுத்து ஒரு வெள்ளை வேன், பக்கத்தில் ஒடுக்கு விழுந்து அதன் மேல் பெரிதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அவர் எங்கள் கதவைத் திறந்து மூடினார், டயரை உதைத்தார், சீட் உறையைத் தடவினார், எனக்கு வணக்கம் சொன்னார். பானெட்டுக்கு வந்ததும் முகம் மலர்ந்தது.

"அட, புதுசு மாதிரி ஆக்கிட்டீங்களே சார். பூஜையும் போட்டாச்சா? ரொம்ப நல்லது. எடுத்துக்கறோம்."

முடிந்துவிட்டது. எடுத்துக்கறோம் என்று சொல்லிவிட்டார். நான் மூச்சை விட்டேன். என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். முகம் துடைக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். மனிதர் நேராகப் போய் நான் வைத்த பொட்டை ஒரே இழுப்பில் வழித்துத் துடைத்தார்.

"கீழ கறை இருக்கு சார்" என்றார். "கிளியர் காயறதுக்குள்ள குங்குமம் எறங்கிடுச்சு. இது போகாது. திரும்ப அடிக்கணும்."

ஆபீசர் கறையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், முன் கண்ணாடி வழியாக உள்ளே இருந்த என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் மடியைப் பார்த்தேன்.

"பரவாயில்ல சார், மேல பொட்டு வெச்சிட்டே வாங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"நான் பாத்துட்டேனே" என்றார் இவர்.

அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்கம் எதுவும் இல்லை. ஆபீசருக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. அவர் கொடுத்ததை இவர் திருப்பிக் கொடுத்தால் யாருக்குத்தான் வராது? "உங்க இஷ்டம் சார். ஆனா இன்னிக்கே முடிச்சாகணும். உங்களுக்காக இடத்த நிறுத்தி வெக்க முடியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். ஒடுக்கு விழுந்த வெள்ளை வேன் பாஸ் ஆனது.

திரும்பி வரும்போது கவரைப்பேட்டையில் ரயில்வே கேட் மூடியிருந்ததால் வண்டி நின்றது. அப்போது கேட்டேன்.

"இன்னாங்க, உங்களுக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு? அந்த ஆளே பாஸ் பண்ணிட்டான். நீங்க யாரு ரிஜெக்ட் பண்றதுக்கு?"

"அவன் பாத்தது உன் பொட்ட. பெயிண்ட்ட பாத்தது நான்தான்" என்றார். பிறகு, "ஆனா ஒண்ணு, நீ அளவு தப்பாம வெச்சிருந்த. ஒரு விளிம்பு கூட தெரியல" என்று பாராட்டு வேறு. எனக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. ரயில் போனது, கேட் திறந்தது. இவர் கியரைப் போட்டுக்கொண்டே மதியத்துக்கு என்ன குழம்பு என்று கேட்டார்.

ஒப்பந்தம் போனது போனதுதான். அந்தக் கம்பெனி திரும்பக் கூப்பிடவே இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து முகம் கழுவி, கத்திரிக்காய்க் குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாகப் போட்டுத் துலக்கினேன். அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள், நாளைக்குக் காலையில் திரும்ப இஸ்திரிச் சட்டையோடு கூடத்தில் உட்காரப் போகிறீர்களா, உங்கள் நேர்மையை வைத்து நாக்கு வழிக்கலாமா என்று கேட்பதற்கு நிறைய வைத்திருந்தேன். எல்லாவற்றையும் வரிசைப்படுத்திக்கொண்டு கையைத் துடைத்தபடி கூடத்துக்கு வந்தேன். அவர் பாயில் படுத்துத் தூங்கிப் போயிருந்தார். தொழிற்சாலை மூடியதிலிருந்து அவர் பகலில் கண்ணயர்ந்து நான் பார்த்ததில்லை. படுத்தாலும் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டேதான் கிடப்பார். இப்போது வாய் லேசாகத் திறந்திருக்க, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

வாசலில் தெருப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டு கத்தின. நான் வெளியே போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினேன்.

"ஏய், அப்பால போய் ஆடுங்கடா" என்றேன். "சார் டூட்டிக்குப் போய்ட்டு வந்து தூங்கிக்கினு இருக்காரு."